மணிமேகலை எங்கே?

பாறையில் ஒதுங்கிய கிழவன் பசியில் தன் காலைத் தானே வெட்டித் தின்றானா, இல்லை, மூழ்கப்போன பையனைக் காப்பாற்றும்போது காலை இழந்தானா? இந்தச் சண்டை எங்கள் வீட்டில் பல நாள் ஓடியது. அண்ணன் மகனுக்கு ‘ஒன் பீஸ்’ என்றால் உயிர். எயிச்சிரோ ஓடா 1997-இல் ஷோனென் ஜம்ப் வார இதழில் வரையத் தொடங்கிய மங்கா, அதாவது ஜப்பானியப் படக்கதை அது. 1999-இல் டோயி நிறுவனம் அதை அனிமே, அதாவது அசையும் சித்திரத் தொடர் ஆக்கியது. 2023 ஆகஸ்டில் ஆட்கள் நடித்த தொடராக நெட்ஃபிளிக்ஸில் எட்டுப் பகுதிகள் வந்தன. அந்தக் கிழவனின் பெயர் ஜெஃப். கப்பல் உடைந்து, சஞ்சி என்ற சின்னப் பையனோடு ஒரு பாறையில் அகப்பட்டுக்கொள்கிறான். இருந்த சாப்பாட்டை எல்லாம் பையனுக்கே கொடுத்துவிட்டு அவன் எப்படி உயிரோடு இருந்தான் என்பதற்கு ஓடா வரைந்த பதில் அந்தக் கால். அனிமேக்காரர்கள் அதை மாற்றினார்கள். பையனை மீட்கப் போய்க் கால் போனது என்று வைத்தார்கள். குடும்பம் உட்கார்ந்து பார்க்கும் நேரத்தில் அந்தக் காட்சி வேண்டாம் என்று நினைத்திருப்பார்கள். ஆட்கள் நடித்த தொடர் வந்தபோது அவன் மறுபடியும் தன் காலையே தின்றான்.

“அத்தை, எல்லாரும் அனிமேதான் மங்காவுக்குக் கிட்ட இருக்குன்னு சொல்றாங்க. இங்க பாருங்க, ஆளுங்க நடிச்சதுதான் கிட்ட இருக்கு.”

அவன் சொன்னது எனக்குள் எங்கெங்கோ போய்த் தட்டியது. வரைந்த கதையை மறுபடி வரைந்து எடுத்தால் அது மூலத்துக்குப் பக்கத்தில் இருக்கும், மனிதர்களை வைத்து எடுத்தால் விலகிப்போகும் என்றுதான் நாம் நினைக்கிறோம். கோடு கோட்டோடு சேரும், உடம்பு சேராது என்று. என் அம்மாவும் அப்படித்தான் நினைத்தாள்.

அம்மாவிடம் ‘பொன்னியின் செல்வன்’ பைண்டு இருந்தது. கல்கி இதழிலிருந்து வாரா வாரம் கிழித்து, சேர்த்து, கனமான அட்டை வைத்துத் தைத்தது. பாட்டி சேர்த்தது. ஓரங்கள் மஞ்சளாகி, தொட்டால் பொடியும். அம்மா தார் சுற்றிக்கொண்டே கதை சொல்லுவாள். ராட்டை நிற்கும்போது பைண்டைப் பிரித்து மணியத்தின் படத்தைக் காட்டுவாள். “இவதான் நந்தினி. கண்ணைப் பாரு.” அதற்கு மேல் விளக்கம் கிடையாது. 1950 அக்டோபரில் தொடங்கி 1954 வரை ஓடிய அந்தத் தொடருக்கு மணியம்தான் முகங்களைக் கொடுத்தார். கல்கியோடு இலங்கை வரை போய் இடங்களைப் பார்த்து வந்து வரைந்தவர் அவர். பிறகு அதே கதையைக் கல்கி இதழ் மறுபடி மறுபடி வெளியிட்டபோது வினு, பத்மவாசன் என்று வேறு கைகள் வரைந்தன. ஆனாலும் அம்மாவுக்கு நந்தினி என்றால் மணியத்தின் நந்தினிதான்.

2022 செப்டம்பர் 30 அன்று மணிரத்னம் எடுத்த ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் வந்தது. 2023 ஏப்ரலில் இரண்டாவது. ஆரணியில் தறி போடுகிற வீட்டுப் பெண்கள் கூட்டமாகப் போனோம். ஐஸ்வர்யா ராய் நந்தினியாகத் திரையில் வந்தபோது அம்மா ஒன்றும் சொல்லவில்லை. த்ரிஷா குந்தவையாக வந்தபோது எங்கள் வரிசை முழுக்கப் புடவையைத்தான் பார்த்தது. கரை என்ன அகலம், ஜரிகை எப்படி விழுகிறது, உட்காரும்போது மடிப்பு எங்கே உடைகிறது! மணியத்தின் படத்தில் துணி என்பது இரண்டு கோடு. இடுப்பிலிருந்து ஒன்று, தோளிலிருந்து ஒன்று. அந்த இரண்டு கோட்டில் குந்தவை ராணியாக நிற்பாள். திரையில் துணிக்கு எடை இருந்தது. நடக்கும்போது அது அவளைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தது. கனத்த பட்டை உடுத்தியவளுக்குத்தான் அந்த நடை வரும். அதை வரைய முடியுமா என்று இன்றும் யோசிக்கிறேன்.

பெரிய பழுவேட்டரையர் விஷயத்திலும் அதேதான். அறுபத்து நான்கு விழுப்புண் என்று புத்தகத்தில் படித்தால் அது ஒரு கணக்கு. சரத்குமார் கவசத்தோடு படியேறி வரும்போது அந்த வயதுக்கு ஒரு மூச்சு இருந்தது. இளம் மனைவி நந்தினி முன்னால் அந்த மூச்சை அவர் மறைக்கப் பார்ப்பதாக எனக்குத் தோன்றியது. ஆள் நடிப்பதன் லாபம் இந்த எடை என்று நான் உறுதியாகச் சொல்லுவேன். நஷ்டம் முகம். மணியத்தின் நந்தினியை எங்கள் அம்மா தன் பெரியம்மா மாதிரி என்பாள், பக்கத்து வீட்டு அக்கா வேறு யார் மாதிரியோ என்பாள். ஐஸ்வர்யா ராய் ஐஸ்வர்யா ராய் மாதிரிதான்.

இரண்டாவது படம் முடிந்து விளக்கு போட்டதும் அம்மா கேட்டாள்: “மணிமேகலை எங்கடி?”

கடம்பூர் சம்புவரையர் மகள். கந்தமாறனின் தங்கை. வந்தியத்தேவன் மேல் ஆசை வைத்து, கடைசியில் அவன் மடியிலேயே உயிரை விடுகிறவள். அத்தனை பெரிய நாவல் அவள் சாவை ஒட்டித்தான் முடிகிறது. படத்தில் அவளே இல்லை. எத்தனையோ காரணம் இருக்கும். இரண்டு படமும் சேர்த்து ஐந்தரை மணி நேரம்தான். யாரையாவது விட்டுத்தான் ஆகவேண்டும். அம்மா இந்தச் சமாதானம் எதையும் ஏற்கவில்லை. ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்து அவள் அழுதது மணிமேகலைக்காக மட்டும்தான்.

அப்பா தறிக்குக் கிராஃப் போடுவார். சின்னச் சின்னக் கட்டம் போட்ட தாளில் பென்சிலால் மயிலோ மாங்காயோ வரைந்து, கட்டம் கட்டமாக நிறைப்பார். பக்கவாட்டில் ஒரு வரிசைக் கட்டம் ஓர் ஊடை இழை. அதற்கு ஓர் அட்டை. ஓட்டை இருக்கிற இடத்தில் ஜக்கார்டு பாவைத் தூக்கும், இல்லாத இடத்தில் விட்டுவிடும். பென்சிலில் வளைந்து வந்த மயில் கழுத்து கட்டத்தில் படிக்கட்டாக ஏறும். அப்பா அதைக் கண்டு வருத்தப்பட்டதில்லை. எந்தப் படி எத்தனை கட்டம் என்று மாற்றிக்கொண்டே இருப்பார். நூல் எப்படி உட்காரும் என்று அவர் கைக்குத் தெரியும். படத்தை அப்படியே காப்பி அடித்த கிராஃப் தறியில் ஏறினால் கழுத்து வீங்கி, மயில் வாத்தாகிவிடும். தாளில் கொஞ்சம் கோணலாகத் தெரியும் மயில்தான் பட்டில் மயிலாக வரும். அப்பா இப்போது இருந்திருந்தால் மணிரத்னத்தை அம்மா மாதிரி கோபித்திருக்க மாட்டார். எந்தப் படியை எடுத்தார், எதை விட்டார் என்று பார்த்திருப்பார்.

அண்ணன் மகன் ‘டீமன் ஸ்லேயர்’ என்ற இன்னொரு அனிமேயைப் போட்டுக் காட்டினான். அதன் ‘இன்ஃபினிட்டி காசில்’ படம் 2025 செப்டம்பரில் தமிழ்க் குரலோடும் இங்கே திரைக்கு வந்தது. அதில் வருகிற தஞ்சிரோ பச்சையும் கறுப்புமாகக் கட்டம் போட்ட மேலங்கி போட்டிருப்பான். எனக்குக் கண் அங்கேயே நின்றுவிட்டது. கட்டம் போட்ட துணியை அசைய வைத்து வரைவது எவ்வளவு வேலை! ஒவ்வொரு அசைவுக்கும் கட்டங்களைத் திரும்ப வைக்கவேண்டும். யூஃபோடேபிள் ஸ்டூடியோக்காரர்கள் அதைச் செய்திருக்கிறார்கள். அதே கதையை ஜப்பானில் 2020 முதல் மேடையிலும் நடிக்கிறார்கள். அந்த மேடைப் புகைப்படங்களைத் தேடிப் பார்த்தேன். முழங்கை மடங்கிய இடத்தில் கட்டம் நசுங்கி ஒன்றுக்குள் ஒன்று போயிருந்தது. கட்டம் போட்ட புடவை கட்டுகிறவளுக்கு அது தெரிந்த மடிப்பு.

முகத்தைப் பற்றி யோசித்தால் யூகோ சாகோ நினைவுக்கு வருகிறார். ராமாயணத்தை 1992-இல் ஜப்பானிய அனிமேயாக எடுத்தவர். நம் ராம் மோகன் அவரோடு சேர்ந்து இயக்கினார். 1989-இல் ‘ராஜா சின்ன ரோஜா’வில் ரஜினியோடு கார்ட்டூன்களை ஆடவைத்த அதே ராம் மோகன். ராமன் கடவுள், அவனை ஒரு நடிகரை விடச் சித்திரத்தில் காட்டுவதே சரி என்று சாகோ நினைத்தார். ஐந்து வருடம் முன்னால்தான் அருண் கோவில் என்ற நடிகர் தூர்தர்ஷனில் ராமனாக வர, போகிற இடமெல்லாம் ஜனங்கள் அவர் காலில் விழுந்துகொண்டிருந்தார்கள். சாகோ பயந்தது இதற்குத்தான் என்று எனக்குப் படுகிறது. முகம் ஒருவருடையதாகிவிட்டால் அப்புறம் அவரைத் தாண்டிப் போக முடியாது.

எங்கள் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் இந்தப் பயம் கிடையாது. ஆரணி, செய்யாறு, வந்தவாசி சுற்றுவட்டாரம் முழுக்கப் பாரதம் நடக்கும். இரவெல்லாம் கூத்து, கடைசி நாள் காலையில் படுகளம். துரியோதனனை மண்ணால் செய்து தரையில் படுக்க வைத்திருப்பார்கள். தென்னை உயரம், முறைக்கிற கண், பெரிய மீசை. அதைச் சுற்றி வேஷம் கட்டிய துரியோதனன் ஓடுவான், வேஷம் கட்டிய பீமன் துரத்துவான். உருவமும் ஆளும் ஒரே களத்தில், ஒரே பாத்திரமாக. மண் தொடையில் கதாயுதம் விழும்போது கிரீடம் வைத்த கூத்துக்காரர் துடிப்பார். அதில் எது அசல் துரியோதனன் என்று சின்ன வயதில் கூட நான் கேட்டதில்லை. பெரிது என்பதை மண் சொன்னது. வலி என்பதை ஆள் சொன்னார். ஜெஃப் தன் காலைப் பார்க்கிற காட்சியை அண்ணன் மகன் காட்டியபோது எனக்கு அந்தத் துடிப்புதான் தெரிந்தது. வரைந்த கால் போனால் கதை புரியும். நடிகரின் கால் போனால் நம் தொடையில் சுருக்கென்கிறது. அதனால்தான் அவர்கள் ஓடாவின் பழைய பதிலுக்கே திரும்பினார்கள் என்று நினைக்கிறேன்.

அதற்காக அனிமேயைத் தள்ளிவிட மாட்டேன். எட்டுப் பகுதியில் ஓடிய ‘ஒன் பீஸ்’ கதைக்கு அனிமே நாற்பதுக்கு மேற்பட்ட பகுதிகளை எடுத்துக்கொண்டது. அதில் வருகிற நமி என்ற பெண் தன் தோளில் பச்சை குத்தியிருப்பதைக் கத்தியால் குத்திக் குத்தி அழித்து, உதவி கேட்டு அழுகிற இடம் இரண்டிலும் இருக்கிறது. கதாநாயகன் லூஃபி தன் வைக்கோல் தொப்பியை அவள் தலையில் வைக்கிறான். ஆட்கள் நடித்ததில் எனக்குக் கண் கலங்கியது. அனிமேயில் தேம்பிவிட்டேன். அவளோடு அத்தனை நாள் இருந்திருக்கிறேன், அவள் ஊர்க்காரர்களை ஒவ்வொருவராகத் தெரியும். வார இதழில் வளர்ந்த கதைக்கு அந்த நீளம் உடம்போடு பிறந்தது.

பொன்னியின் செல்வனும் வார இதழில் வளர்ந்ததுதானே. மூன்றரை வருடம் வாரா வாரம் காத்திருந்து படித்த கதை. அதை ஐந்தரை மணி நேரத்தில் அடக்கியபோது எடை கிடைத்தது, காத்திருப்பு போய்விட்டது. மணிமேகலை காத்திருப்பில்தான் வளர்கிறவள். முதலில் ஒரு விளையாட்டுப் பெண், நடுவில் மறந்தே போகிறோம், கடைசியில் மார்பை அடைக்கிறாள். அவளுக்கு ஐந்து நிமிடம் கொடுத்துப் பிரயோஜனமில்லை. யாராவது மணியத்தின் கோட்டை எடுத்து, வாரத்துக்கு ஒரு பகுதியாக, அவசரமில்லாமல் இந்தக் கதையை வரைந்து அசைக்க வேண்டும். கோடியக்கரைக் கலங்கரை விளக்கத்துக்கு ஒரு வாரம், கடம்பூர் மாளிகைக்கு ஒரு மாதம். “எத்தனை எபிசோடு வரும் அத்தை?” என்றான் அண்ணன் மகன். அம்மா உள்ளேயிருந்து பதில் சொன்னாள்: “எத்தனை வேணா வரட்டும். அவளை விட்டுடக் கூடாது.”