மிடறு

உண்டல், தின்றல், நக்கல், பருகல் என உணவு கொள்ளும் முறையை நான்காகப் பகுத்துரைப்பது தமிழ் மரபு. இந்நான்கிற்கும் பொதுவாய் நின்று நான்கினையும் முடித்து வைக்கும் விழுங்குதல் என்னும் வினையோ அவ்வரிசையில் எண்ணப்படவில்லை. அதன் காரணம் காண்டற்கு அரிதன்று. இடையூறின்றி நடைபெறும் வரையில் அவ்வினை நிகழ்கின்றது என்பதையே மாந்தர் உணர்வதில்லை. 'மிடறு' என்னும் சொல்லை நோக்குக. தொண்டைக்கும் அதுவே பெயர். ஒருமுறை விழுங்கும் நீரின் அளவிற்கும் அதுவே பெயர். எழுத்தொலி பிறக்கும் இடங்களுள் ஒன்றாகவும் மிடற்றைத் தொல்காப்பியர் வைத்துள்ளார். சொல் மேலெழும் வழியும் சோறு கீழிறங்கும் வழியும் அங்கே அடுத்தடுத்து அமைந்துள்ளன. இவ்விரு வழிகளையும் பற்றி எழுதத் துணிந்தோம். எம் இல்லத்தில் ஒருவர்க்குச் சோற்றின் வழி அடைபட்டபோது, அதனைத் திறத்தற்குச் சொல்லின் வழியே துணையாயிற்று.

எமது ஊர் காஞ்சிபுரத்தைச் சார்ந்த தென்னேரி. தொண்டைமான் இளந்திரையன் பெயரால் திரையனேரி என வழங்கிய பேரேரியே பிற்காலத்தில் தென்னேரி ஆயிற்று என்பர் அறிஞர். எம் பெரியப்பா பட்டுத்தறி நெய்பவர். குழியில் காலிறக்கி அமர்ந்தால் பொழுது சாயும் வரை எழுந்திராத உழைப்பாளி. அவர்க்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு துன்பம் தொடங்கிற்று. உண்ட சோறு நெஞ்சின் நடுவே நின்றுவிடும். நீர் குடித்து, மார்பை நிமிர்த்தி, சற்றே நடந்து அதனை இறக்குவார். நாளடைவில் நீரும் நிற்கலாயிற்று. இரவில் படுத்தால் மாலையில் உண்டது தலையணைக்கு வந்துவிடும், இருமல் எழும். திருமண வீடுகளில் பந்திக்கு அழைத்தால், "வீட்டில் உண்டேன்" என்று நகைத்துக்கொண்டே விலகுவார். ஆலயத்தில் திருவிருந்து நாளிலும், சிறு அப்பத்துண்டு பலர் முன்னிலையில் நெஞ்சில் நின்றுவிடுமோ என அஞ்சிப் பின்வரிசையிலேயே இருந்துவிட்டார். நோயினும் அந்நாணமே அவரை மிகுதியாய் மெலிவித்தது என்பது எம் கருத்து.

எம் பகுதியார்க்கு விழுங்கல் தடையென்றால் முதலில் தோன்றும் அச்சம் புற்றுநோயே. அதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. காஞ்சிபுரத்தில் 1909-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் பிறந்து, தமிழ்நாட்டின் முதலமைச்சராய் விளங்கிய அறிஞர் அண்ணா, உணவுக்குழலில் உண்டான புற்றுநோய்க்காக 1968-இல் நியூயார்க் நகரில் அறுவை சிகிச்சை பெற்றார். ஆயினும் 1969 பிப்ரவரி 3-ஆம் நாள் சென்னையில் உயிர் நீத்தார். இன்று காஞ்சிபுரத்தை அடுத்த காரப்பேட்டையில் அவர் பெயரால் அரசினர் புற்றுநோய் மருத்துவமனை ஒன்று உள்ளது. அப்பெயர்ப் பலகையைக் கடக்குந்தோறும் எம் பெரியம்மா வாய்திறவாமல் கையைப் பிசைந்து கொள்வார்.

முதலில் பார்த்த மருத்துவர் 'வாந்தி, வாயு' என்று குறித்து மாத்திரைகள் கொடுத்தார். பின்னர் உள்நோக்குக் கருவியால், அதாவது எண்டோஸ்கோப்பியால், சோதித்தனர். புற்றில்லை, புண்ணில்லை என்று விடை வந்தது. வீடு முழுவதும் மகிழ்ந்தது. ஆனால் சோறு இறங்கவில்லை. குற்றமொன்றும் காணாமையால், 'மனக்கவலையே காரணம்' என்று கூறி அனுப்பிவிட்டனர். ஓராண்டு இவ்வாறு கழிந்தது.

நிற்க. உள்நோக்குக் கருவியைக் குறை கூறுவது எம் நோக்கமன்று. அதன் வரலாறே ஒரு வியப்பு. 1868-ஆம் ஆண்டில் ஜெர்மனி நாட்டு மருத்துவர் அடோல்ப் குஸ்மால், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் துணைகொண்டு நேரான குழாயொன்றை இரைப்பை வரை செலுத்திக் காட்டினார். குழாய் சென்றது, ஒளிதான் போதவில்லை. வளைந்து செல்லும் கண்ணாடி இழைக்கற்றையின் வழியே உருவத்தைக் கடத்தலாம் என்பதை, பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, ஹாப்கின்ஸ் என்பாருடன் 1954-இல் வெளியிட்டார். அவ்வழியே சென்ற பாசில் ஹிர்ஷோவிட்ஸ் 1957-இல் வளையும் உள்நோக்குக் கருவியைச் செய்து முடித்தார். புண்ணையும் கட்டியையும் காணுதற்கு அதற்கு நிகரில்லை. விழுங்கல் தடையுற்றோர்க்கு முதலில் அதனைச் செய்வதே முறை. ஆயின் அது காண்பது குழலின் உருவை, குழலின் செயலையன்று. தறி பழுதின்றி நிற்பதைக் கண்ணால் காணலாம். நெய்யும்போது நாடா உரிய காலத்தில் ஓடுகிறதா என்பதைத் தறி இயங்கும்போதன்றோ அறியலாகும்?

சென்னையில் வேறொரு மருத்துவமனைக்குச் சென்றபோது அங்கிருந்த இளம்பெண் மருத்துவர் ஒரே ஒரு வினா வினவினார்: "ஐயா, திரும்பி வருவது புளிக்கிறதா?" பெரியப்பா சற்றே எண்ணி, "இல்லை அம்மா. போட்ட சோறு போட்டபடியே வருகிறது, குமட்டலும் இல்லை. இது வாந்தியன்று, எதுக்களிப்பு" என்றார். மருத்துவர் எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து நோக்கினார். புளியாத சோறு இரைப்பையைக் காணாத சோறு. குழலிலேயே தங்கி, குழலிலிருந்தே மீள்கின்றது என்பதை அவ்வொரு சொல் தெளிவாக்கிவிட்டது. முன்னைய குறிப்புகளில் எங்கும் அச்சொல் ஏறவில்லை. 'வாந்தி' என்பதே ஏறியிருந்தது.

அதன்பின் நிகழ்ந்த சோதனைகளை உடனிருந்து கண்டோம். முதலாவது பேரியம் கலந்த நீரை விழுங்கச் செய்து எக்ஸ் கதிரால் பார்ப்பது. இம்முறைக்கு வித்திட்டவருள் ஒருவர் வால்டர் கேனன். 1896-இல் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியில் மாணவராய் இருந்தபோதே விலங்குகளும் பறவைகளும் விழுங்குவதைக் கதிர்வழி ஆராயத் தொடங்கினார். மாணவர் என்பதை எம் தோழர்கள் நினைவிற் கொள்க! பெரியப்பாவின் படத்தில் குழல் மேலே அகன்றும், கீழே பறவையின் அலகுபோல் கூர்ந்தும் காணப்பட்டது.

இரண்டாவது மானோமெட்ரி எனப்படும் அழுத்த அளவை. 1883-இல் குரோனெக்கர், மெல்ட்சர் என்னும் இருவர் சிறு காற்றுப்பைகளை விழுங்கச் செய்து இவ்வளவையைத் தொடங்கினர். 1990-க்குப் பின் அமெரிக்க மருத்துவர் ரே கிளௌஸ் என்பாரின் முயற்சியால் அது புத்துரு எய்திற்று. இன்று மூக்கின் வழியே செலுத்தப்படும் மெல்லிய குழாயில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் 36 உணர்விகள் வரை அமைந்துள்ளன. நோயாளி படுத்தவாறு ஐந்து மில்லிலிட்டர் நீரைப் பத்து முறை விழுங்குவார். பின் அமர்ந்தும் விழுங்குவார். குழலின் ஒவ்வோரிடத்து அழுத்தமும் ஒரே வேளையில் திரையில் வண்ணமாய்த் தோன்றும்; குறைந்த அழுத்தம் நீலம், மிகுந்தது சிவப்பு. நலமுடையார்க்கு மேலிருந்து கீழ்நோக்கி ஒரு சாய்ந்த பட்டை ஓடும். அது அலைபோல் உணவைத் தள்ளிச்செல்லும் தசையின் இயக்கம். அவ்வலை வருமுன்னரே கீழ்வாயிலின் தசை தளர்ந்து வழிவிடும்.

திரையை உற்றுநோக்கிய பெரியப்பா, சோதனை முடிந்தபின், "நல்லவர்க்குச் சாய்கோடு என்றீர்களே அம்மா, எனக்குச் சாய்வே இல்லையே, மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்க்கோடாய் நிற்கிறதே" என்றார். நாற்பதாண்டு வண்ணநூல் நோக்கிய கண் அது. அவர் கண்டதே நோய்க்குறி. அகலேசியா என்பது அந்நோயின் பெயர். தளராமை என்பது பொருள். குழற்சுவரில் உள்ள நரம்பணுக்கள் அழிவதால் கீழ்வாயில் தளர்வதில்லை. தள்ளும் அலையும் எழுவதில்லை. அடைபட்ட குழல் முழுவதும் ஒரே வேளையில் அழுத்தம் ஏறுவதை இரண்டாம் வகை என்பர். இவ்வகைமையைத் தொகுத்துரைக்கும் சிகாகோ வகைப்பாட்டின் நான்காம் பதிப்பு 2021-இல் வெளிவந்தது. இரண்டாம் வகை சிகிச்சைக்கு நன்கு இணங்குவது என்று கேட்டபோது பெரியம்மாவின் கைகள் பிசைவதை நிறுத்தின.

வேறு கருவிகளும் உள. நெஞ்செரிவுடையார்க்குக் குழற்சுவரில் சிறு மாத்திரை வடிவான கருவியைப் பொருத்தி, இரண்டு முதல் நான்கு நாள் வரை அமிலம் ஏறுவதை இடுப்பிலுள்ள பெட்டிக்கு அறிவிக்கச் செய்வர். பின் அது தானே உதிர்ந்துவிடும். மின்தடையை அளந்து, குழலில் ஏறியது நீரா காற்றா என்று பிரித்தறிவதும் உண்டு. மயக்கத்தில் இருப்போரின் கீழ்வாயிலில் நீர்ப்பையொன்றை விரித்து, அவ்வாயில் எவ்வளவு விரிந்து கொடுக்கிறது என்று அளக்கும் கருவியும் வந்துள்ளது. பக்கவாதத்தால் புரையேறுவோர்க்கு, மூக்கின் வழியே கருவி செலுத்தி விழுங்கும்போதே தொண்டையைப் பார்க்கும் முறை 1988 முதல் வழங்குகின்றது.

பெரியப்பாவிற்கு வாய்வழியே கருவி செலுத்தி, உட்சுவரினூடே சென்று, இறுகிய தசையை அறுத்துவிட்டனர். ஜப்பான் நாட்டு மருத்துவர் ஹருஹிரோ இனோவே 2008-இல் மனிதர்க்கு முதன்முதல் செய்த முறை அது. அழிந்த நரம்பணு மீளவில்லை; தள்ளும் அலையும் வாராது. உணவு தன் எடையாலேயே இறங்குகின்றது. ஆதலின் நிமிர்ந்தமர்ந்து, மென்று, இடையிடையே நீர் பருகி மெல்ல உண்கிறார். அமிலம் மேலேறாதிருக்க மருந்து கொள்கிறார். கட்டிலின் தலைப்புறத்தை உயர்த்திப் படுக்கிறார். ஆயினும் பந்தியில் உண்கிறார்.

தமிழ் பயில்வதால் உலகிற்கு என்ன பயன் என்று எம்மை வினவுவோர் உளர். அவர்க்கு இதனைக் கூற விழைகின்றோம். விக்கல், புரையேறல், எதுக்களித்தல், குமட்டல், ஓங்கரித்தல், நெஞ்சுகரித்தல் என எம் மொழி மிடற்றின் துன்பங்களுக்குத் தனித்தனிப் பெயர் வைத்துள்ளது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சோதனைக்கு வழிகாட்டுவது. இவையனைத்தையும் 'வாயு' என்னும் ஒரு மூட்டையில் கட்டிவிட்டால் முப்பத்தாறு உணர்விகளும் பெட்டியிலேயே உறங்கும். அக்கருவிகளோ பெருநகரங்களிலேயே மிகுதியும் உள்ளன. ஏரிக்கரை ஊர்களிலிருந்து அவற்றை நாடிச் செல்பவர் தம் கையில் முதலில் கொண்டு செல்வது ஒரு சொல்லேயாகும். மருத்துவம் பயிலச் செல்லும் எம் கல்லூரித் தோழர்கள் அச்சொல்லைக் கேட்டவாறே எழுதிக்கொள்வாராக. வீட்டில் முதியோர் பந்திக்கு வாராது நகைத்து விலகுவாராயின், மற்றையோர் அந்நகைப்பை நம்பாது, "என்ன செய்கிறது?" என்று அருகமர்ந்து கேட்பாராக.