கல்லறையில் ஓர் அரசங்கன்று

சென்ற கோடை விடுமுறையில் கொல்கத்தாவிலுள்ள சித்தப்பா வீட்டிற்குச் சென்றிருந்தேன். பார்க் தெருவின் பழைய கல்லறைத் தோட்டத்தைப் பார்க்கலாம் என்று அவர் அழைத்தபோது எனக்கு உள்ளூர அச்சந்தான். அந்நாளில் அத்தெருவுக்கே இடுகாட்டுச் சாலை என்றுதான் பெயராம்!

உள்ளே குளிர்ந்த மரநிழல், பறவைகளின் ஒலி. 1767-இல் திறக்கப்பட்ட இடம் அது. கடல் கடந்து வந்து, காய்ச்சலிலும் பேதியிலும் மாண்ட ஆங்கிலேயர் பலர் அங்கே துயில்கின்றனர். வடமொழிக்கும் கிரேக்கத்திற்கும் உள்ள உறவை 1786-இல் எடுத்துரைத்த வில்லியம் ஜோன்ஸின் கல்லறையைக் கண்டோம். 1831-இல், 22 வயதிலேயே மறைந்த கவிஞர் டெரோசியோவும் அங்கேதான். 1800-இல் இறந்த ரோஸ் அயில்மருக்கு வயது 20. என் அக்காளின் வயது!

ஒரு கல்லறையின் பிளவில் அரசங்கன்று துளிர்த்திருந்தது. "எவ்வளவு அழகு!" என்றேன்.

"பறவை பழம் தின்று போட்ட விதை அம்மா. சுண்ணாம்புக் காரைக்குள் வேர் இறங்கினால் செங்கல் பிளக்கும். பிறகு பெயரும் இராது" என்றார் சித்தப்பா.

எனக்குப் பாட்டியின் நினைவு வந்தது. ஆண்டுதோறும் நவம்பர் 2 அன்று மெழுகுவர்த்தி ஏற்றிச் செபித்துவிட்டு வருவோம். கல்லறையை உற்றுப் பார்த்ததில்லை. ஊர் திரும்பியதும் அம்மாவுடன் சென்றேன். சிலுவையின் அடியில் அதே அரசங்கன்று! மெல்லப் பிடுங்கிக் குளக்கரையில் நட்டோம். பாட்டியின் பெயரில் ஓரெழுத்துத்தான் சிதைந்திருந்தது.

இனி நவம்பர் வரை காத்திருக்கமாட்டேன்.