சுளுக்கு என்று நினைத்து உருவிவிட்டேன்

நேற்று சாயங்காலம் எதிர்வீட்டுப் பையன் கிரிக்கெட் ஆடும்போது கால் பிசகி, நொண்டிக்கொண்டே வந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்தான். விஷயம் தெரிந்து அவன் பாட்டி நல்லெண்ணெயைச் சூடுபண்ணிக் கிண்ணத்தோடு வந்துவிட்டார். "உருவாதீங்கம்மா, வேண்டாம்" என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அந்த அம்மாவுக்கு முகம் வாடிவிட்டது. ஏன் அப்படிக் கத்தினேன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

1980களின் கடைசி. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் கபடி ஆட்டத்தில் பாதம் உள்பக்கமாக மடிய விழுந்தான். சத்துணவுக் கூடத்தில் எண்ணெய் வாங்கிவரச் சொல்லி, நானே அவன் காலை மடியில் வைத்து உருவினேன். என் அப்பா எனக்கு அப்படித்தான் செய்வார். பையன் அலறினான். "ஆம்பளப் பையன் இதுக்கெல்லாம் அழலாமா?" என்று அதட்டியது இன்றைக்கும் காதில் இருக்கிறது. அதோடு விட்டேனா, வெந்நீர் ஒத்தடம் வேறு. பள்ளி விடும்போது கால் பணியாரமாக உப்பியிருந்தது.

நான்கு நாள் கழித்து டவுன் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். கணுக்கால் எலும்பில் விரிசல். மாவுக்கட்டு போட்டார்கள். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் நுனிக்குப் பக்கத்தில் எலும்பு நீள்கிற குருத்துப் பகுதி ஒன்று உண்டு, மூட்டைக் கட்டியிருக்கும் நாரைவிட அதுதான் வலுக்குறைந்தது, நமக்குச் சுளுக்கோடு போகிற அடி அவர்களுக்கு அங்கே உடைந்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். ஆசிரியர் பயிற்சியில் முக்கோணத் துணியில் கைத்தூளி கட்டப் படித்தவன் நான். இது எனக்குத் தெரியாது. பையனின் அப்பா, "நீங்க நல்லதுக்குத்தானே சார் செஞ்சீங்க" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

சுளுக்கு என்றால் அந்த நார் இழுபட்டோ கிழிந்தோ போவது. உள்ளே ரத்தம் கசியும், அதனால் வீங்கும். அந்த நேரத்தில் உருவினாலும் சூடு வைத்தாலும் கசிவு கூடும். முதல் இரண்டு மூன்று நாள் இரண்டுமே வேண்டாம்.

பிறகு என்னதான் செய்வது? ஆட்டத்தை நிறுத்த வேண்டும். காலைத் தலையணை மேல், நெஞ்சுக்கு மேலாகத் தூக்கி வைக்க வேண்டும். க்ரேப் பேண்டேஜை விரல் பக்கத்திலிருந்து மேல்நோக்கிச் சுற்ற வேண்டும். விரல் நீலம் பாரித்தாலோ மரத்தாலோ உடனே தளர்த்திவிடுங்கள். ஐஸைத் துணியில் சுற்றி 15, 20 நிமிடம் வைக்கலாம், வெறும் தோலில் வைத்தால் தோல் வெந்துபோகும். ஐஸ் விஷயத்தில் ஒரு வேடிக்கை. ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தல் என்ற முறைக்கு 1978இல் பெயர் வைத்தவர் கேப் மிர்கின் என்ற அமெரிக்க டாக்டர். அவரே 2014இல், ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதினார். வாத்தியாராக இருந்தவன், சொன்னதை மாற்றிச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆகவே வலி குறைய ஐஸ் கொஞ்சம் போதும். இரண்டு மூன்று நாளில், வலி தாங்குகிற அளவுக்குக் காலை அசைக்க ஆரம்பித்துவிடலாம். மாதக்கணக்கில் படுக்க வைக்க வேண்டியதில்லை.

எக்ஸ்ரே தேவையா என்று பார்க்கக் கனடாவின் ஒட்டாவா நகர டாக்டர்கள் 1992இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். நாலு அடி எடுத்து வைக்க முடியவில்லையா, கணுக்காலில் புடைத்திருக்கும் எலும்பின் பின்விளிம்பைத் தொட்டால் வலிக்கிறதா, எக்ஸ்ரே எடுங்கள். பாதம் கோணியிருந்தால் இந்தச் சோதனைகூட வேண்டாம், அசைக்காமல் கொண்டுபோங்கள். அன்று என் மாணவனால் ஓரடிகூட வைக்க முடியவில்லை.

எதிர்வீட்டுப் பையனை நேற்று நடக்கச் சொன்னேன். முனகிக்கொண்டே ஆறடி நடந்தான். எலும்பைத் தொட்டாலும் வலி இல்லை என்றான். இன்று காலை வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கிறது. பாட்டி இன்னும் என்னோடு பேசவில்லை. அவருடைய எண்ணெய்க் கிண்ணம் எங்கள் திண்ணையிலேயே இருக்கிறது, கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.