பேனா மூடி திறக்கும் முன்

"சாப்ட்டியளா ஆச்சி?"

கொக்கிரகுளத்தில், திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு வெளியே மனு எழுதிக் கொடுக்கும் அண்ணாச்சி கேட்ட முதல் கேள்வி இது. பேனா மூடியை அவர் இன்னும் திறக்கவில்லை. மடியில் ஒரு அட்டை, அதில் கிளிப்பு மாட்டிய வெள்ளைத்தாள், காதில் பென்சில். எதிரே முக்கூடல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த ஆச்சி, மஞ்சப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறார். "இருக்கட்டும்யா, முதியோர் பணத்துக்கு எழுதணும். வெரசா எழுதித் தாங்க, வரிசை கூடிரும்" என்கிறார். அண்ணாச்சி அசையவில்லை. பக்கத்துக் கடையில் ஒரு டீக்குச் சொல்லிவிட்டு, "உக்காருங்க, மொதல்ல வெவரத்தச் சொல்லுங்க" என்று முக்காலியை நகர்த்திப் போட்டார்.

அன்று திங்கட்கிழமை. மக்கள் குறைதீர்க்கும் நாள். எட்டு மணிக்கே ஆட்கள் வந்துவிட்டார்கள். இங்கே மூன்று திங்கட்கிழமைகள் வந்து உட்கார்ந்திருந்தேன். இருபது வருடமாகப் பத்திரிகையில் பிறர் எழுதியதைத் திருத்துவது என் வேலை. ஆனால் நான் இங்கே வந்ததற்குக் காரணம் அந்த வேலை அல்ல. அப்பா இறந்த பிறகு அம்மாவின் குடும்ப ஓய்வூதியம் ஏதோ ஒரு தாளில் சிக்கி நின்றது. நான் நான்கு பக்கத்துக்கு மனு எழுதினேன். அப்பாவின் முப்பது வருட உழைப்பு, அம்மாவின் மருந்துச் செலவு, எங்கள் வருத்தம் எல்லாம் அதில் இருந்தன. ஓர் அலுவலகம் அதை இரண்டு முறை திருப்பி அனுப்பியது. மூன்றாவது முறை, வாசலில் மனு எழுதிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் என் நான்கு பக்கத்தையும் பொறுமையாகப் படித்தார். பிறகு ஆறேழு கேள்வி கேட்டார். அம்மாவின் பெயர் அப்பாவின் பணிப்பதிவேட்டில் எப்படி இருக்கிறது, ஆதாரில் எப்படி இருக்கிறது என்பது அதில் ஒன்று. எனக்கு அது தோன்றவே இல்லை. ஒரு எழுத்து வித்தியாசம். அவர் எழுதிய மனு ஒரே பக்கம்தான். அது நகர்ந்தது. அந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருந்தேன்.

இந்த இடம் மனு என்ற சொல்லின் கனத்தை அறிந்த இடம். சற்றுத் தள்ளி, 1843இல் கட்டிய சுலோச்சன முதலியார் பாலம். அதற்குக் கீழே தாமிரபரணி. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலிக் கோரிக்கையோடு ஆட்சியரைப் பார்க்க ஊர்வலமாக வந்தார்கள். போலீஸ் தடியடியில் சிதறி ஓடி, இந்த ஆற்றில் 17 பேர் உயிரை விட்டார்கள். ஒரு கைக்குழந்தையும் அதில் அடக்கம். 2017 அக்டோபரில், கந்துவட்டிக் கொடுமைக்கு நியாயம் கேட்டு வந்த ஒரு குடும்பம் இதே அலுவலக வளாகத்தில் தீக்குளித்தது. இன்றும் மனுக் கொடுக்க வருகிறவர்களின் பையைப் போலீசார் திறந்து பார்க்கிறார்கள். தண்ணீர் பாட்டிலை மோந்துகூடப் பார்க்கிறார்கள்.

டீ வந்தது. ஆச்சி குடித்தார். அண்ணாச்சி கேட்டார்: "ஊட்ல யார் யார் இருக்கிய?"

மகன், மருமகள், பேத்தி, ஆச்சி.

"மவன் இருக்கான்னா முதியோர் பணத்துக்குத் தள்ளிவிட்டுருவாவளே. ஏற்கெனவே எழுதிப் போட்டியளா?"

போட்டிருக்கிறார். தள்ளுபடி ஆகியிருக்கிறது. 2023 ஆகஸ்டில் அந்தப் பணம் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது என்பதும் ஆச்சிக்குத் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரிக்கு வருகிறது, தனக்கு மட்டும் ஏன் வரவில்லை என்பதுதான் கேள்வி. வேறொருவராக இருந்தால் 'மறுபரிசீலனை செய்ய வேண்டி' என்று ஒரு மனுவை ஐந்து நிமிடத்தில் எழுதி, காசை வாங்கிக்கொண்டு அனுப்பியிருப்பார். அண்ணாச்சி இன்னொரு கேள்வி கேட்டார்.

"வீடு யார் பேர்ல இருக்கு ஆச்சி?"

ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. மஞ்சப்பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார். "எம் பேர்லதான் இருந்துச்சு. அவனுக்கு எழுதிக் குடுத்துட்டேன்."

அப்போதுதான் காதிலிருந்த பென்சில் கைக்கு வந்தது.

"எப்பம்?"

"வருசமெல்லாம் எனக்குத் தெரியாதுய்யா."

இதற்கு அண்ணாச்சியிடம் ஒரு வழி இருக்கிறது. மூன்று திங்களிலும் பார்த்தேன். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் அவர் தேதியைக் கேட்பதில்லை. ஊருக்கே நடந்த காரியங்களைக் கேட்கிறார். 1992 வெள்ளத்துக்கு முன்னாலா, பின்னாலா? கொரோனாவுக்கு முன்னாலா? 2023 டிசம்பர் வெள்ளத்துக்கு அப்புறமா? இந்த ஆற்றங்கரை மக்களுக்கு வெள்ளங்கள்தான் காலண்டர்.

"நோட்டு செல்லாமப் போச்சே, அதுக்கு முன்னயா பின்னயா?"

"பின்னதாம்யா. அதுக்கு மறு ஆடி."

"ஆடியிலயா? ஆடியில யாரு ஆச்சி பத்திரம் பதிவா?"

ஆச்சி யோசித்தார். முகத்தில் சின்னதாகச் சிரிப்பு வந்தது. "ஆமா, ஆடி கழியட்டும்னு அவந்தான் சொன்னாம். ஆவணி மொத வாரம்."

தாளின் ஓரத்தில் '2017 ஆவணி' என்று எழுதி வட்டம் போட்டார் அண்ணாச்சி. அந்த வட்டத்துக்கு அர்த்தம் இருந்தது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007ஆம் ஆண்டு வந்தது. தன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு மூத்த குடிமகன் சொத்தை எழுதிக் கொடுத்து, வாங்கியவர் பார்த்துக்கொள்ளாமல் விட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என அறிவிக்கக் கேட்கலாம் என்கிறது அதன் 23ஆம் பிரிவு. சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு எழுதிய பத்திரத்துக்குத்தான் இது பொருந்தும். ஆகவே வருடம் வேண்டும். நிபந்தனை இருந்ததா என்பதும் வேண்டும். "எழுதிக் குடுக்கையில மவன் என்ன சொன்னாம்? பத்திர ஆபீஸ்ல வாசிச்சுக் காட்டுனாவளா? கூட யார் வந்தா?" ஒவ்வொரு கேள்வியும் முந்தைய பதிலின் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தது. எந்தக் கேள்வியிலும் பதில் ஒளிந்திருக்கவில்லை. 'மகன் அடித்தாரா' என்று அவர் கேட்கவே இல்லை. "ராத்திரி எங்க படுக்கிய?" என்று கேட்டார்.

"திண்ணையில."

"எப்பத்துலருந்து?"

"அது ஆச்சு, ரொம்ப நாளு."

"வெள்ளம் வந்த அன்னைக்கு?"

"அன்னைக்கும் திண்ணையிலதான். தண்ணி ஏறிட்டு. பக்கத்து வீட்டுப் பயலுவதான் தூக்கிட்டுப் போனானுவ."

அண்ணாச்சி எழுதுவதை நிறுத்திவிட்டு ஆற்றுப் பக்கம் பார்த்தார். நானும் பார்த்தேன்.

இவருக்கு இந்தத் தொழில் வந்த கதையை இரண்டாவது திங்கட்கிழமை மத்தியானம் சொன்னார். பாளையங்கோட்டையில் ஒரு பத்திர எழுத்தரிடம் எடுபிடியாகச் சேர்ந்திருக்கிறார். எல்லைமால் எழுதும்போது, நிலத்துக்குக் கிழக்கே என்ன, மேற்கே என்ன என்று கேட்டுக் கேட்டு எழுதச் சொல்லி அடித்தாராம் அந்தப் பெரியவர். "வித்தவன் சொல்லுவதும் வாங்குனவன் சொல்லுவதும் ஒத்து வருதான்னு பார்க்கணும். ஒத்து வராத எடத்துலதான் நாளைக்குக் கேஸ் மொளைக்கும்." பத்திரத்துக்குக் கேட்ட அதே நான்கு எல்லைகளைத்தான் மனுவுக்கும் இவர் கேட்கிறார் என்று எனக்குத் தோன்றியது. யார், எப்போது, எங்கே, என்ன வேண்டும்.

நாலு முக்காலி தள்ளி, குடைக்கு அடியில் மடிக்கணினியும் சின்ன பிரிண்டரும் வைத்துக்கொண்டு ஒரு தங்கச்சி மனு அடித்துத் தருகிறார். பி.காம். படித்தவர். தொடங்கிய காலத்தில் பட்டா, வாரிசுச் சான்று, மகளிர் உரிமைத் தொகை மேல்முறையீடு என்று தலைப்புக்கு ஒன்றாக மாதிரி மனுக்களைச் சேமித்து வைத்திருந்தாராம். பெயரை மட்டும் மாற்றினால் போதும். ஒருநாள் அப்படி ஒரு மனுவில் பழைய ஆளின் கணவர் பெயர் மாறாமலே போய்விட்டது. கணவர் உயிரோடு இருக்கும் பெண் ஒருத்தி, இறந்துபோன வேறொருவருக்கு விதவையாக மனுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். "அந்த அக்கா என்னைத் திட்டல சார். எனக்கு எழுதத் தெரியாதுங்கதுனாலதான இப்படின்னு அழுதாவ." அதோடு மாதிரிகளை அழித்துவிட்டார். இப்போது அவரும் முதலில் கேட்கிறார், பிறகுதான் தட்டச்சு. வேகம் குறைந்துவிட்டது, வருமானமும்தான் என்றார். நான் அங்கே இருந்த அரைமணி நேரத்தில், யுடிஆரில் அப்பா பெயருக்குப் பதில் சித்தப்பா பெயர் ஏறிவிட்டது என்று ஒருவர் வந்தார். 1979 முதல் 1987 வரை நடந்த அந்த நிலப் பதிவேட்டுப் பணியில் நேர்ந்த பிழைகள் இன்னும் மனுவாக வந்துகொண்டிருக்கின்றன. வந்தவர் தாசில்தார் பெயருக்கு எழுதச் சொன்னார். தங்கச்சி புல எண்ணையும் பழைய அடங்கலையும் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டு, மாவட்ட வருவாய் அலுவலருக்கு எழுதினார்.

அண்ணாச்சியிடம் ஒரு விஷயத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. மனுவின் முடிவில் 'தங்கள் பாதம் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்' என்று எழுதுகிறார். உரிமையைக் கேட்பவர் யார் பாதத்திலும் விழ வேண்டியதில்லை என்றேன். "எனக்கும் தெரியும் தம்பி. எடுத்துட்டு வாசிச்சா, இன்னும் கொஞ்சம் தாழ்மையா எழுதக் கூடாதான்னு மனுக் குடுக்க வாரவியளே கேக்குதாவ" என்றார். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அப்படிக் கேட்க வைத்தது எது என்று நினைத்தால்தான் மனம் ஆறவில்லை. ஆனால் வேறொன்றில் அவர் வளைந்து கொடுக்கவே மாட்டார். முதல் திங்களில் ஓர் இளைஞன், 'நடவடிக்கை இல்லையேல் குடும்பத்தோடு தீக்குளிப்பேன்' என்று கடைசி வரியில் சேர்க்கச் சொன்னான். அண்ணாச்சி தாளைக் கிழித்தார். "அந்த வரிய நான் எழுத மாட்டேன். ஒனக்கு என்ன வேணும்னு சொல்லு, அத எழுதுதேன்." அவன் கோபமாக எழுந்து போனான். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து உட்கார்ந்தான். பிறகு சொன்னதுதான் அவனுடைய உண்மையான மனு.

ஆச்சியிடம் அந்தக் கேள்வி வந்தபோது மணி பத்தாகிவிட்டது. "ஆச்சி, ஒங்களுக்கு இப்பம் என்ன வேணும்? பத்திரத்த ரத்துப் பண்ணணுமா?"

"ஐயையோ, வேண்டாம்யா. அவனுக்குப் பெறகு எம் பேத்திக்குத்தான அது."

"பெறவு?"

"எனக்கு உள்ரூம்பு வேணும். நான் பீடி சுத்துன காசுல கட்டுன வீடுய்யா அது."

அண்ணாச்சி பேனா மூடியைத் திறந்தார். அனுப்புநர், பெறுநர், பொருள். பெறுநர் சேரன்மகாதேவி சார் ஆட்சியர், ஏனென்றால் இந்தச் சட்டத்தின்படி விசாரிக்கும் தீர்ப்பாயம் அங்கேதான். நகல் இங்கே மாவட்ட ஆட்சியருக்கு. 'பொருள்' என்ற ஒரு வரிக்கு மட்டும் ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டார். உள்ளே கணினியில் பதிகிறவர் அந்த வரியைப் பார்த்துத்தான் எந்தத் துறைக்கு என்று முடிவு செய்வார். அங்கே தவறினால் மனு ஊர் சுற்றிக்கொண்டு கிடக்கும் என்றார். முதியோர் பணத்தை எழுதவில்லை. ஒரு மனுவில் ஒரு கோரிக்கைதான். அது தனியாக, பிறகு.

எழுதி முடித்ததும் வாசித்துக் காட்டினார். கையெழுத்து வாங்குவதற்கு முன் இது கட்டாயம். 'மேற்படி என் மகன் எனக்கு உணவு வழங்காமல்' என்ற இடத்தில் ஆச்சி கையை நீட்டித் தடுத்தார்.

"அப்படி எழுதாதிய. சோறு போடுதாம். தட்டத் திண்ணையில வச்சிட்டுப் போயிருவாம். பேச மாட்டாம்."

நான் அண்ணாச்சியைப் பார்த்தேன். உணவு தரவில்லை என்று எழுதினால் மனுவுக்கு வலு கூடும் என்று எனக்கே தோன்றியது. அவர் அந்த வரியை அடித்தார். அடித்தல் திருத்தலோடு கொடுக்கக் கூடாது என்பதால் புதிய தாளை எடுத்து முதலிலிருந்து எழுதினார். சோறு திண்ணையில் வைக்கப்படுகிறது, என்னோடு பேசுவதில்லை, வெள்ளத்தன்றும் திண்ணையில்தான் கிடந்தேன் என்று வந்தது. அதற்குக் கீழே, 'மேற்படி'யோ 'என்பவ'ரோ இல்லாமல், தனி வரியாக: 'அது நான் பீடி சுற்றிய காசில் கட்டிய வீடு.' பிறகு உள் அறையும் மாதாமாதம் ஒரு தொகையும் கேட்டு முடித்தார். இருபது வருடம் திருத்தியவன் நான். அந்தத் தாளில் என் கைக்கு வேலை இருக்கவில்லை, பாதம் பணிவதைத் தவிர.

இரண்டாவது முறை வாசித்தார். ஆச்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பீடி சுற்றிய வரி வந்ததும், "அத இன்னொருக்க வாசிங்க" என்றார். வாசித்தார். கைநாட்டு வைப்பார் என்று நினைத்தேன். பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். பீடிக் கம்பெனியில் கூலி வாங்கும்போது போடப் பழகிய கையெழுத்தாம்.

ஐம்பது ரூபாய். ஆச்சி சுருக்குப்பையைத் திறந்தார். அண்ணாச்சி முப்பதை எடுத்துக்கொண்டு, மீதியை நகல் எடுக்கவும் சேரன்மகாதேவி பஸ்ஸுக்கும் வைத்துக்கொள்ளச் சொன்னார்.

வாசல்வரை ஆச்சியோடு நடந்தேன். போலீஸ்காரப் பெண் மஞ்சப்பையைத் திறந்து, ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, ஒரு வெற்றிலைப் பொட்டலம் எல்லாவற்றையும் பார்த்தார். "என்ன மனு பாட்டி?" என்று கேட்டார்.

காலையில் அண்ணாச்சி முன்னால் ஒன்றுக்கு ஒன்று ஒட்டாமல் சொல்லிக்கொண்டிருந்த அதே ஆச்சி, பையிலிருந்த தாளை எடுக்கவில்லை. "நோட்டு செல்லாமப் போன மறு வருசம், ஆவணி மாசம்…" என்று தொடங்கினார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். போலீஸ்காரப் பெண் பையை மூடாமல், கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டு நின்றார்.