அப்பாவும் அச்சடிச்ச எஞ்சினும்

கோவை ஃபவுண்டரிகளுக்கு மரத்துல பேட்டர்ன் செய்யுறவர் எங்கப்பா. உளியும் உப்புத்தாளுமா ஒரு பம்ப் பேட்டர்னுக்கு மூணு வாரம். வார்ப்பிரும்பு ஆறினா சுருங்கும்னு மீட்டருக்குப் பத்து மில்லிமீட்டர் கூட்டி வெட்டுவார்.

1983-ல அமெரிக்காவில் சக் ஹல், திரவப் பிசினைப் புற ஊதா ஒளியால் அடுக்கடுக்காக இறுக வைத்து ஒரு சின்னக் கோப்பை செய்தார். மாதிரி செய்ய வந்த நுட்பம் மாதிரியோட நிக்கலை. 2024 மே 30-ல சென்னை அக்னிகுல் பறக்கவிட்ட ராக்கெட்டின் எஞ்சின், ஒரே துண்டாக அச்சடித்தது. பேட்டர்னையே இப்போ ரெண்டு மூணு நாள்ல அச்சடிச்சிடலாம்.

ஊருக்குப் போனப்ப இதைப் பெருமையா அளந்தேன்.

"சுருக்கத்துக்கு எவ்வளவு கண்ணு விடறாங்க?"

"கம்ப்யூட்டரே கணக்கு போட்டுக்கும்ப்பா."

"அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

பொட்டி தட்டுற எனக்குப் பதில் வரலை. மூணு வாரக் கூலி என்னாகும்னு அவர் கேக்கவே இல்லீங்க.