அக்காவின் முழங்கால்

"ஏற்கெனவே ஒரு இரும்பு உள்ளுக்குக் கிடக்குது பிள்ளை. அதை எடுக்காமல் விட்டவை. இப்ப இன்னும் இரும்பு வைக்கப் போகினமாம்."

அந்த அக்கா இப்படிச் சொன்னபோது, கையிலிருந்த சம்மதப் படிவத்தை நான் மெல்ல மடித்து வைத்துக்கொண்டேன்.

அவர் புதுக்குடியிருப்புப் பக்கத்தைச் சேர்ந்தவர். 2009இல் கணவரை இழந்தபோது மகள் வயிற்றில். அந்த நாட்களில் பட்ட செல் துண்டொன்று வலது தொடையில் இன்னமும் இருக்கிறது. 2024 ஆவணியில் சைக்கிளில் சந்தைக்குப் போனவரை, ஒழுங்கையிலிருந்து ஏறிய மோட்டார் சைக்கிள் ஒன்று பக்கவாட்டில் மோதியது. இம்முறை இடது கால். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, பெரிய கணைக்கால் எலும்பின் தலைப்பகுதி இரண்டு பக்கமும் உடைந்துவிட்டது.

யாழ்ப்பாணத்துக்கு மாற்றினார்கள். முதல் இரவு முழுவதும் தாதியர் வந்து வந்து, பெருவிரலை அசையுங்கள், உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டபடி இருந்தனர். இப்படியான முறிவில் கெண்டைக்காலின் தசைகளுக்குள் அழுத்தம் ஏறி இரத்தோட்டம் தடைப்படலாம். மருந்துக்கும் அடங்காத வலியும் விறைப்பும் அதன் அடையாளம். சில மணித்தியாலங்களுக்குள் வெட்டித் திறந்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் தசை செத்துப்போகும். உறவினர்களோ, "துண்டு வெட்டிக்கொண்டு போய்ப் பரியாரியாரிட்டை எண்ணெய்க் கட்டுப் போடுவம்" என்று நின்றார்கள். நாட்டு வைத்தியத்தை நான் குறைத்துப் பேசுபவள் அல்ல. என் அம்மாவின் மணிக்கட்டு அப்படித்தான் பொருந்தியது. ஆனால் வீங்கிய அந்தக் காலில் இறுக்கிக் கட்டினால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

அக்காவின் அடுத்த முறைப்பாடு, வந்து பத்து நாளாகியும் ஒப்பரேஷன் செய்யவில்லை என்பது. தொடையிலும் கணைக்காலிலும் கம்பிகள் ஏற்றி, வெளியே ஒரு சட்டத்தால் பிணைத்துவிட்டு அப்படியே விட்டிருந்தார்கள். "எங்களைப் போல ஆக்களெண்டா இப்பிடித்தான்" என்று அழுதார். சமூகவியல் படித்த எனக்கு எலும்பைப் பற்றி என்ன தெரியும்? எனக்கும் அதே சந்தேகம்தான். நேரே வைத்தியரிடம் போய்க் கேட்டேன். வீக்கம் வற்றித் தோலில் சுருக்கம் விழும்வரை வெட்டக்கூடாது, அவசரப்பட்டால் காயம் பொருந்தாமல் கிருமி தொற்றும் என்றார். அது புறக்கணிப்பல்ல, சிகிச்சையின் ஒரு பகுதி என்பதை யாராவது முதல் நாளே அக்காவுக்குச் சொல்லியிருக்கலாம்.

வைத்தியர் சி.ரி. ஸ்கான் படத்தைக் கட்டிலுக்கே கொண்டுவந்து காட்டினார். தொடை எலும்பு வந்து இருக்கும் தளம் உடைந்து, வெளிப்பக்கம் கீழே இறங்கியிருந்தது. அதை அடியிலிருந்து தூக்கி, கீழே உண்டாகும் வெற்றிடத்தை இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்பால் நிரப்பி, தகடும் திருகாணியும் வைத்துத் தாங்கவேண்டும் என்றார். அக்கா கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார். வீட்டுத்திட்ட வீட்டுக்குத் தானே மண் சுமந்து நிலம் போட்டவர் அவர்.

"விளங்குது. கீழ மண் இறுக்காமல் சீமெந்து பூசினா நிலம் திரும்பவும் இறங்கும்" என்றார்.

வைத்தியர் சிரித்துவிட்டார்.

இரண்டு இடத்தில் வெட்டுவது ஏன் என்று கேட்டது நான். முன்பு நடுவில் ஒரே நீண்ட வெட்டாகப் போட்டு இரண்டு பக்கமும் தோலை விலக்கித் தகடு வைத்தார்களாம். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் தோலுக்கும் எலும்புக்கும் இடையில் சதை மிகக் குறைவு. அவ்வளவு தூரம் உரித்தால் தோலுக்கு இரத்தம் போதாமல் காயம் பிரிந்துவிடும். அதனால் இப்போது உட்பக்கம் சற்றுப் பின்னால் ஒன்று, வெளிப்பக்கம் முன்னால் ஒன்று. உட்பக்கத் துண்டை முதலில் பொருத்தினால் அதை ஆதாரமாக வைத்து மற்றப் பக்கத்தைத் தூக்கலாம். 1979இல் கனடாவின் ஷாட்ஸ்கர் என்ற வைத்தியர் இந்த முறிவுகளை ஆறு வகையாகப் பிரித்தார். ஒரு பக்கம் மட்டும் உடைந்தவர்களுக்கு ஒரு வெட்டே போதுமாம். சிலருக்கு, எலும்பு விலகாவிட்டால், சத்திரசிகிச்சையே தேவையில்லை.

தொடையிலுள்ள செல் துண்டு ஒரு தொந்தரவும் தராததால் அதைத் தேடி வெட்டுவதுதான் கூடுதல் சேதம் என்றும் வைத்தியர் விளக்கினார். பதினைந்து வருடமாக அதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. அக்கா கையெழுத்து வைத்தார். பதின்மூன்றாம் நாள் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது. நானும் என் கோப்பில் நல்லபடியாக எழுதி வைத்தேன்.

என் பிழை அதற்குப் பிறகு நடந்தது. மூன்று மாதம் அந்தக் காலை ஊன்றக்கூடாது என்று சொல்லித்தான் வீட்டுக்கு விட்டார்கள். முழங்காலை மட்டும் நாளாந்தம் மடித்து நீட்டவேண்டும், இல்லாவிட்டால் இறுகிப்போகும். நான் தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். கிணற்றில் தண்ணீர் அள்ளுவது யார், குந்தியிருக்கும் மலசலகூடத்துக்கு இவர் எப்படிப் போவார் என்று கேட்கத் தோன்றவில்லை. ஐந்தாம் கிழமை போனபோது, சாதாரண தரப் பரீட்சைக்கு ஆயத்தமாக வேண்டிய மகள் அடுப்படியில் நின்றாள். ஒரு மாதமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. அக்காவோ, மகள் பாவமென்று இரண்டு நாள் ஊன்றுகோலை வைத்துவிட்டு வாளி தூக்கியிருந்தார்.

அன்று பின்னேரமே மாதர் சங்கத் தலைவியைத் தேடிப்போனேன். தண்ணீருக்கும் மதியச் சோற்றுக்கும் ஐந்து பெண்கள் முறை வைத்துக்கொண்டார்கள். கொமட் கதிரையொன்று இரவலாகக் கிடைத்தது. இதையெல்லாம் சத்திரசிகிச்சைக்கு முன்னரே செய்திருக்கலாம். மகள் மறு கிழமை பள்ளிக்கூடம் போனாள். விட்ட பாடங்களுக்கு ஒரு ஆசிரியை பின்னேரங்களில் உதவினார்.

மூன்றாம் மாதக் கிளினிக்கில் எக்ஸ்ரேயைப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊன்றலாம் என்றார்கள். தூக்கி வைத்த தளம் ஒரு பக்கம் சிறிது இறங்கியிருக்கிறதாம். அந்த இரண்டு நாள் வாளியாலா என்று நான் கேட்கவில்லை. இப்போது நடக்கிறார். குந்தி இருந்து களை பிடுங்க முடியாது, ஒரு சிறு ஸ்டூலோடு தோட்டத்துக்குப் போகிறார்.

தகட்டை எடுக்கத் தேவையில்லையா என்று அன்றைக்குக் கேட்டவர், தொந்தரவு தராவிட்டால் இருக்கட்டும் என்ற பதிலைக் கேட்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப இரண்டு காலும் சமன்" என்றார்.