கல்லில் வெட்டிய சேரி

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டை வரலாற்றுப் பொக்கிஷம் என்கிறார்கள். அந்தப் பொக்கிஷத்தில் நமக்கு என்ன இருக்கிறது? ராஜராஜன் கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் கணக்கில், வரி நீக்கிய நிலமாகக் குளம், வாய்க்கால், சுடுகாடு. அவற்றோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி. வரி இல்லையென்று சந்தோஷப்படவா? தீண்டாமை வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்பவர்கள் அந்தச் சொல்லைப் போய்ப் பார்க்கட்டும். ஆயிரம் வருஷமாக அங்கேதான் இருக்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கும் அதே கோயிலில் பேர் உண்டு, வீட்டு வரிசைகூட உண்டு. பெருந்தச்சன் குஞ்சரமல்லனுக்கும் உண்டு. நாம் அந்தக் கணக்கில் வெறும் நிலம்.

இலங்கையில் சிகிரியாவின் கண்ணாடிச் சுவரில் வந்துபோனவர்கள் கிறுக்கியதே இலக்கியமாகிவிட்டது. 8 முதல் 10ஆம் நூற்றாண்டு வரையிலான 685 பாட்டுகளைப் பரணவிதான 1956-ல் பதிப்பித்தார். பெண்களும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் கிறுக்கவும் சுவர்கிட்டே போகணுமே! பெரிய கோயிலுக்குள் நாம் போக 1939 ஆயிற்று.

தலத்தெருவில் எங்க அப்பாயி, கூலி நெல்லை மரக்காலுக்கு ஒரு கரிக்கோடாக மண்சுவரில் போட்டு வைக்கும். கணக்குப்பிள்ளை நோட்டு வேறு சொல்லும். நோட்டுதான் ஜெயிக்கும். ஐப்பசி மழையில் சுவரோடு கோடும் கரையும். ஒருநாள் அம்மி கொத்துகிறவரிடம், "எம் பேர வெட்டிக் குடுய்யா" என்றது.

"அம்மியில பேரா?"

"மழைக்குக் கரையாதுல்ல."

அரைத்தால் தேயுமென்று ஓரத்தில் வெட்டினார். ரெண்டாங் கிளாஸ் படித்த என்னைக் கூப்பிட்டு, "சரியா வெட்டியிருக்காரா பாரு" என்றது அப்பாயி.